அண்ணன் பேருக்கு வந்த ஆட்சேபம்

அம்மா கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அண்ணன் கொழும்பில் பிறந்திருப்பான். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் சனத்தில் எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்த கையோடு மாமா வந்து அம்மாவைக் கூட்டிப் போனார். வயிற்றுப் பிள்ளையோடு தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பல், கப்பல் முழுக்க வாந்தி, தனுஷ்கோடியில் இறங்கித் திரும்பவும் ரயில். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில், தன் அம்மாவின் வீட்டில், அண்ணனைப் பெற்றாள். குழந்தைக்குத் தலை நின்றதும் அதே வழியாகத் திரும்பிக் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் இந்தியாவில் வாழ்ந்த காலம் மொத்தம் அவ்வளவுதான். அதில் முக்கால்வாசி தூக்கம்.

எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு யாரும் கப்பலேறமாட்டார்கள். எங்கள் முடுக்கிலேயே, ஒற்றை அறை வீட்டிலேயே பிறந்தேன். சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறேன். அண்ணன் மட்டும் கடல் தாண்டிப் பிறந்தவன், நான் தண்ணீர்க் குழாயடிக்குப் பக்கத்தில் பிறந்தவள் என்று அவன் என்னைச் சீண்டுவான். எது வரம் எது சாபம் என்று யாருக்குத் தெரியும்?

அப்பாவும் அந்தக் கிராமத்துப் பக்கம்தான். மீசை அரும்புமுன் தன் சிற்றப்பாவோடு கொழும்புக்கு வந்தவர். புறக்கோட்டையில் ஒரு மிளகாய்க் கடையில் நின்றே காலம் தள்ளினார். வீட்டுக்குள் அவர் வரும் முன்னே மிளகாய்க் காரம் வரும். அம்மா தும்முவாள். அதுதான் எங்களுக்கு மாலை மணி.

அப்பாவுக்கு ஒரே ஒரு பைத்தியம். வோட்டு. எல்லாருக்கும் வோட்டு என்று வந்த முதல் தடவை, கடையை அரை நாள் பூட்டி, முதலாளியும் அவரும் ஒரே வரிசையில் நின்றார்களாம். வரிசையில் அப்பா முன்னால், முதலாளி பின்னால். “அவருக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. ரெண்டாவது ஒண்ணு வேணும்னா அவராலே காசு கொடுத்து வாங்க முடியுமா?” என்பார். இந்தக் கதையை அவர் சொல்லாத தீபாவளி கிடையாது. வேறு எந்த இடத்திலும் முதலாளிக்கு முன்னால் அவர் நின்றதில்லை, அதனால் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

அண்ணன் ஃபிட்டர் வேலை பழகினான். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கொலன்னாவைப் பக்கம் ஒரு அரசாங்கப் பட்டறையில் ஆள் எடுத்தார்கள், சேர்ந்துகொண்டான். நல்ல வேலைக்காரன். எண்ணெய்க் கறுப்பு படிந்த கையை மண்ணெண்ணெயால் கழுவிவிட்டு, அதற்குமேல் சந்தன சோப்புப் போடுவான். அவன் வந்தால் வீட்டில் இரண்டு வாசமும் சேர்ந்து ஒரு மாதிரி வரும். அப்பாவின் மிளகாயும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

யுத்தம் முடிந்தது. பட்டறையில் ஆள் கூடிப்போயிற்று, குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. முதலில் யாரைக் குறைப்பது? இந்தியாக்காரனை. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, தேநீர்க் கடையில்கூட அதுதான் பேச்சு. அண்ணனுக்கு மேலே இருந்த சிங்கள பாஸ் அவன்மேல் பிரியமுள்ள மனுஷன். அவர் ஒருநாள் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, “மல்லி, தம்பி, புது வோட்டு லிஸ்ட் போடுறாங்க. அதிலே உன் பேர் இருந்தா நீ இந்த நாட்டுக்காரன்னு நான் மேலே சொல்லலாம். இல்லாட்டி என் கையிலே ஒண்ணும் இல்லே” என்று தமிழும் சிங்களமுமாகச் சொல்லி அனுப்பினார். அன்று முதல் எங்கள் வீட்டில் சோற்றைவிட லிஸ்டைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம்.

வாக்காளர் இடாப்பு என்கிற அந்த லிஸ்ட் வெளியானதும் அப்பா சர்க்கார் கச்சேரிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன் பேர், அண்ணன் பேர், என் பேர் மூன்றும் இருந்தன. எனக்கு அப்போதுதான் வோட்டு வயது. அம்மா பேர் எப்படியோ விட்டுப்போயிருந்தது. “எனக்கு எதுக்கு அந்த எழவு” என்று அம்மா உலையில் அரிசி போட்டாள். அப்பா அன்று பாதாம் அல்வா வாங்கி வந்தார்.

அல்வாவின் நெய் கையில் காய்வதற்குள் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் பேருக்கு ஒருவர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார், இவர் இந்த நாட்டில் பிறந்தவருமில்லை, நிலையாகக் குடியிருப்பவருமில்லை, விசாரணைக்கு வந்து நிரூபிக்க வேண்டும் என்று. ஆட்சேபம் எழுதியவரை எங்களுக்குத் தெரியாது. எங்களையும் அவருக்குத் தெரியாது. எங்கள் சனத்தின் வோட்டு தங்களுக்கு விழாது என்று எதிர்க் கட்சிக்காரரின் ஆட்கள் எங்கள் மாதிரி வீடுகளின் பேர்களைக் கட்டுக்கட்டாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் முடுக்கில் மட்டும் பாதி வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது. அப்பாவின் பேரை ஏனோ அவர்கள் எழுதவில்லை. முகம் தெரியாத ஒருவன் உட்கார்ந்து, என் அண்ணன் இந்த ஊர்க்காரன் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

அப்போதுதான் எங்கள் கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

நான் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். அப்பா தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் எழுதுவேன். கச்சேரிக்கு, பதிவு அதிகாரிக்கு, இந்தியாவின் பிரதிநிதி என்று கொழும்பில் இருந்த பெரியவருக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மெம்பருக்கு. மெம்பர் என்பவர் எங்கள் வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர், தமிழர், வக்கீல், வீடு கொள்ளுப்பிட்டியில். வரப்போகும் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறவர். போன நகரசபைத் தேர்தலில் அண்ணன் அவருக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்தான். சுவரொட்டி ஒட்டினான், கிழவிகளைக் கைத்தாங்கலாகச் சாவடிக்குக் கூட்டிப்போனான். வென்ற இரவு மெம்பர் அவன் தோளில் கை போட்டு, “இவர் என்ரை வலக்கை” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அந்தச் சட்டையை அண்ணன் துவைக்கக் கொடுக்கவே யோசித்தான்.

அப்பா கடிதம் சொல்கிற அழகே அழகு. விஷயத்துக்கு நேரே வரமாட்டார். “எழுதும்மா. இப்பவும் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாயிருக்க எல்லாம்வல்ல ஆண்டவனைப் பிரார்த்திக்கிறேன்.”

“அப்பா, இங்கிலீஷ்லே அப்படி எழுதமாட்டாங்க.”

“சுகம் விசாரிக்காம எப்படிட்டி காரியம் கேக்க? நம்மள என்ன நினைப்பாங்க?”

கச்சேரி அதிகாரியின் மனைவி மக்கள் சுகத்தையெல்லாம் விசாரித்து இங்கிலீஷில் எழுதினேன். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் அப்பா உறையை ஒட்டவிடமாட்டார். சர்க்காரின் எந்தக் கோப்பிலாவது எங்கள் பிள்ளையார் இன்றைக்கும் உட்கார்ந்திருப்பார். அவராலும் ஒன்றும் நடக்கவில்லை.

பதில் வராமல் இல்லை. வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, விஷயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. அச்சடித்த அட்டை, தேதி மட்டும் மையால். மெம்பரிடமிருந்தும் அதே மாதிரி, இன்னும் நல்ல காகிதத்தில். அப்பாவுக்கு அதுவே போதும். அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். “கவனத்திலே எடுத்துட்டாங்கன்னா பாதிக் காரியம் முடிஞ்ச மாதிரி” என்பார். கிணற்றில் போட்ட கல்லுக்கு ரசீது கொடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அண்ணன் சிரித்தான். அந்த நாட்களில் அவன் சிரித்தது எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

மெம்பரை நேரில் பார்க்கவும் அப்பா கொள்ளுப்பிட்டிக்குப் போனார். இரண்டு தடவை ஐயா கோர்ட்டுக்குப் போய்விட்டார், ஒரு தடவை ஐயா சாப்பிடுகிறார். கேட் அருகில் கடிதத்தை வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தார். “நல்ல மனுசன், நேரமில்லே பாவம்” என்று அவருக்காகப் பரிந்தும் பேசினார். என் அப்பாவைப் போல ஏமாறுவதற்கென்றே அளவெடுத்துச் செய்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டார். அம்மா கல்யாணப் புடவை. அண்ணன் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று நானும் போனேன்.

அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. விசாரித்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வருகிறவர் என்று வாசலில் சொன்னார்கள். வெள்ளை ட்ரில் சூட், நெற்றியில் மெல்லியதாகத் திருநீறு. அதைப் பார்த்ததும் அப்பா என் கையை அழுத்தினார். நம்ம ஆள் என்று அர்த்தம். பக்கத்து மேசையில் ஆட்சேபம் எழுதியவர்களுக்காக ஒரு புரொக்டர், அதாவது வக்கீல், உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி முதலில் அம்மாவைத்தான் கேட்டார். “இந்தப் பிள்ளை எங்கை பிறந்தவர், அம்மா?”

“எங்க அம்மா வீட்லே, ஐயா.”

“இந்தியாவிலை?”

“ஆமா.”

“நீங்கள் இஞ்சை குடியிருக்கேக்கை ஏன் அங்கை போனனீங்கள்?”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. “தலைப்பிரசவமுல்லா ஐயா?”

அதிகாரியின் முகம் இளகியது. பேனாவைக் கீழே வைத்தார். “என்ரை மனிசியும் முதல் பிள்ளைக்கு யாழ்ப்பாணம்தான் போனவ” என்றார். புரொக்டர் தலையைத் தூக்கினார். அதிகாரி அவரைப் பார்க்காமலே அண்ணனிடம் திரும்பி, எங்கே படித்தான், எங்கே வேலை, பிறகு இந்தியாவுக்குப் போனானா என்று கேட்டார். போகவே இல்லை என்றான் அண்ணன். உண்மை. அவன் பால்குடியில் வந்தவன், திரும்ப ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. “இஞ்சை வளர்ந்த பிள்ளை. சரி” என்று அதிகாரி எதையோ எழுதினார். அது எங்களுக்குச் சாதகம் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

பேர் தப்பிவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசியாக, வழக்கமாகக் கேட்கிற கேள்வி போல, அப்பாவைக் கேட்டார். “இந்தியாவிலை உங்களுக்குக் காணி பூமி ஏதும் இருக்கோ?”

“இல்லே ஐயா.”

உண்மைதான். அப்பாவுக்கு அங்கே நாலு அடி மண்கூடக் கிடையாது. இல்லை என்பது எங்களுக்குச் சாதகமான பதில். அதோடு வாயை மூடியிருந்தால் நாங்கள் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நாலு பேருக்கு முன்னால், படித்தவர்களுக்கு முன்னால், காணி இல்லை பூமி இல்லை என்று சொல்ல நேர்ந்தது அப்பாவைக் குத்திவிட்டது. எங்கள் சனத்தில் மண்ணும் இல்லாமல் கோயிலும் இல்லாமல் இருக்கிறவன் அத்துவானத்தில் கிடக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், யார் வோட்டுக் கொடுப்பார்கள்? அதிகாரி தன்னை அப்படி நினைத்துவிடக் கூடாதே என்று அப்பா தவித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கோட்டின் உள்பையில் கை போயிற்று.

“காணி இல்லேன்னாலும் நாங்க ஒண்ணும் போக்கத்த ஆளுக இல்லே ஐயா” என்று, மடித்து வைத்திருந்த மஞ்சள் காகிதம் ஒன்றை விரித்து மேசைமேல் வைத்தார். எங்கள் குலதெய்வம் கோயில் கொடை விழாவின் அழைப்பிதழ். “பாருங்க. ரெண்டாம் நாள் பூசை வருசா வருசம் எங்க குடும்பத்து உபயம். பேரு போட்டிருக்கு. எனக்குப் பொறவு இவனுக்குத்தான் அந்த மரியாதை. அவன் பேரும் அச்சிலே வந்திருக்கு, பாருங்க ஐயா.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் அப்பா தன் மரியாதையால் கெட்டார்.

புரொக்டர்தான் முதலில் எழுந்தார். “அதை ஒருக்கா இஞ்சாலை தாங்கோ” என்று மிக மரியாதையாகக் கையை நீட்டினார். அப்பா இன்னும் மரியாதையாக அதை எடுத்துக் கொடுத்தார். புரொக்டர் படித்துவிட்டு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். வருடந்தோறும் இந்தியாவோடு தொடர்பு, அங்கே உரிமை, அது மகனுக்கும் போகிற உரிமை, இவர்கள் இங்கே பிழைக்க வந்தவர்கள், போகப்போகிறவர்கள், தகப்பன் பேரும் இடாப்பில் இருக்கக் கூடாது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. அப்பாவுக்கு விளங்கவில்லை. கோயில் பேர் வந்த இடத்திலெல்லாம் பெருமையாகத் தலையாட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்ன என்று கண்ணால் கேட்டுவிட்டுத் திரும்பவும் ஆட்டினார்.

அதிகாரி அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், புரொக்டருக்குக் கேட்காத குரலில், “ஐயா, இதை ஏன் காட்டினனீங்கள்?” என்றார்.

அவரும் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு லீவு போட்டு யாழ்ப்பாணம் போகிறவராகத்தான் இருப்பார். அவருடைய அப்பன் பேரும் ஏதாவது ஒரு கோயில் கல்லில் வெட்டியிருக்கும். ஆனால் அவருடைய ரயில் கடலைத் தாண்டுவதில்லை. அவ்வளவுதான் அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம். அதை அவர் அறிந்திருந்தார் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிவு தபாலில் வந்தது. அண்ணன் பேர் நீக்கம். அப்பாவின் பேரும் நீக்கம். என் பேரை யாரும் தொடவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்தவள் என்பதாலா, பெண்பிள்ளைதானே என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுமை. கத்தியிருக்கலாம், சட்டியை உடைத்திருக்கலாம். நான்தான் கத்தினேன். “பெருமை காட்ட வேறே இடமா கிடைக்கலே உங்களுக்கு?” என்றேன். அப்பா விளங்காமலே விழித்தார். “கோயில் காரியத்தை மறைக்கச் சொல்லுதியா? அதுலே என்னம்மா தப்பு?” என்றார். அதில் என்ன தப்பு என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும் தனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஏன் கப்பலேறினேன், ஏன் ஏறினேன் என்று. அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாள், சாகும்வரை.

மாத முடிவில் அண்ணனைப் பட்டறை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாஸ் வீடுவரை வந்தார், தேங்காய் இரண்டும் வாழைக்குலை ஒன்றும் கொண்டுவந்தார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார். அப்பா தன் மிளகாய்க் கடையில் கேட்டுப் பார்த்தார், மூட்டை கட்ட ஆள் வேண்டும் என்றார்கள். அண்ணன் போனான். ஸ்பேனர் பிடித்த கை கோணி ஊசி பிடித்தது. சில வாரம் பொறுத்தான். நகரத்தில் வேறு இரண்டு மூன்று இடங்களிலும் கேட்டான். வேலை தெரியுமா என்று கேட்குமுன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்களாம். “கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியலே” என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. இந்தியாவுக்குப் போகிறேன், இனித் திரும்பி வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் டிக்கெட்டும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் கொடுப்பார்கள். அண்ணன் எங்களிடம் கேட்காமலே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் சொன்னான். அம்மா சோற்றுப் பானையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன்டா, எங்கிட்ட ஒரு சொல் கேட்டியா?” என்றார் அப்பா. “மெம்பருக்கு இப்பத்தான் எழுதியிருக்கு. கவனத்திலே எடுத்திருக்காங்க.”

“என்னை வேண்டாம்னு எழுத்துலே சொல்லிட்டாங்க, அப்பா. நானும் எழுத்துலே சரின்னுட்டேன்.”

கோட்டை ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றினோம். தாய்மாமன் வீட்டுக்குத்தான் போகிறான், ஆனால் மாமாவின் முகமே அவனுக்குத் தெரியாது. ரயில் நகரும்போது அம்மா ஓடினாள். பருத்த உடம்பு, கல்யாணப் புடவை தடுக்கத் தடுக்க, மேடையின் கடைசிவரை ஓடினாள். நான் ஓடவில்லை.

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஊரில் அவனைச் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்கள். தண்ணீர் உப்பு. கொடைக்கு முதல் மரியாதை கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், மறுநாளிலிருந்து வேலை இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தான். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மாலை போட்டாங்களாமா?” என்று அதை மட்டும் திருப்பிக் கேட்டார்.

அப்பா மெம்பருக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. அண்ணன் போன பிறகும் நிறுத்தவில்லை. அவனைத் திருப்பிக் கூப்பிட ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அண்ணனின் பேர், பிறந்த விவரம், பட்டறை, விசாரணை, கையெழுத்து, எல்லாவற்றையும் ஒவ்வொரு கடிதத்திலும் முதலிலிருந்து எழுதினேன். அட்டை தவறாமல் வந்தது.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. வேட்பாளருக்கு ஒரு கலர், கலருக்கு ஒரு பெட்டி, பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். மெம்பருக்குப் பச்சை. எங்கள் வீட்டில் வோட்டு உள்ளவள் நான் ஒருத்திதான். எனக்குப் போக விருப்பமில்லை. அப்பா விடவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். “பேரைச் சத்தமாச் சொல்லு. சீட்டை மடிச்சுப் போடு. அவசரப்படாதே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் போலீஸ்காரன் அப்பாவிடம், வோட்டு இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்றான். “தெரியும், தெரியும்” என்று சிரித்துக்கொண்டே அப்பா ஒதுங்கி நின்றார்.

நான் வரிசையில் நிற்கும்போது பச்சைக் கொடி கட்டிய கார் வந்தது. மெம்பர் இறங்கினார். கழுத்தில் மாலை, எல்லாருக்கும் கும்பிடு. அப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்து நேரே வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பிடி, சுகமே? எங்கை உங்கட மகன்? என்ரை வலக்கையை இண்டைக்குக் காணேல்லை!”

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை கடிதம். ஒன்றைக்கூட அந்த மனுஷன் படிக்கவில்லை. அது அப்பாவுக்கும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. அவருடைய உதடு ஏதோ சொல்லத் தொடங்கி நின்றது. சொல்லப்போகிறார், இத்தனை சனத்துக்கு முன்னால் சொல்லிவிடப்போகிறார் என்று நான் மனசுக்குள் வேண்டினேன். சொல்லுங்கள் அப்பா, ஒருதரமாவது.

“ஊருக்குப் போயிருக்கான், ஐயா.”

“நல்லது, நல்லது. எப்ப வாறார்?”

“வந்துருவான் ஐயா, சீக்கிரம்” என்றார் அப்பா. கை இன்னும் மெம்பரின் கைக்குள்ளேயே இருந்தது.

உள்ளே என் பேரைக் கூப்பிட்டார்கள். பெட்டிகளுக்கு முன்னால் சீட்டோடு நின்றேன். மற்றப் பெட்டிகளில் ஒன்று, என் அண்ணனை ஊரைவிட்டு விரட்டக் கையெழுத்துப் போட்டவர்களுடையது. மீதியிருந்தவர்கள் எங்களைப் பற்றி வாயே திறக்காதவர்கள். பச்சை, அவன் போனதே தெரியாதவருடையது. வேறு யாரும் இல்லை. நான் பச்சையில் போட்டேன்.

வெளியே வந்ததும், “போட்டியா?” என்று அப்பா கேட்டார். போட்டேன் என்றேன். அவர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். அண்ணனைப் பற்றி ஒன்றும் பேசாமல் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.